மேசை விளிம்பில் ஓர் எறியம்: காணாமற்போன பத்துச் சென்ரிமீற்றர்

மேசையில் ஒரு போளையை உருட்டிவிடுகிறோம். அது விளிம்பைத் தாண்டிப் போய்த் தரையில் விழுகிறது. விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அது போன பாதையைக் கொப்பியில் கீறச் சொன்னால் நிறையப் பேர் ஒரே மாதிரிக் கீறுவார்கள். முதலில் வெளியே நீளும் ஒரு நேர்கோடு, பிறகு சின்ன வளைவு, அப்புறம் செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒரு கோடு. உந்திவிட்ட வேகம் தீர்ந்த பிறகுதான் பொருள் விழத் தொடங்கும் என்ற எண்ணம் எல்லாருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் பீரங்கிகளைப் பற்றி எழுதிய தார்த்தாலியா என்ற இத்தாலியக் கணித அறிஞரும் குண்டின் பாதையை ஏறக்குறைய இப்படித்தான் படம் போட்டார். அதே ஆள் 1537 இல், 45 பாகையில் சுட்டால்தான் குண்டு அதிக தூரம் போகும் என்றும் சொன்னார். பாதை பிழை, விடை சரி. பரீட்சையில் எங்களுக்கும் இது நடப்பதுண்டு.

உண்மையில் போளை விளிம்பை விட்ட அந்தக் கணத்திலேயே விழத் தொடங்கிவிடுகிறது. அதன் பாதையில் நேரான துண்டு என்று எதுவுமே இல்லை. இதை நம்பச் சொல்வதைவிட வீட்டில் செய்து பார்க்கச் சொல்வது நல்லது. கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியின் சின்ன அறை ஒன்றே இதற்குப் போதும். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுக்கப்போகிற பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சாதாரண தரக் கணிதம் தெரிந்தால் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

எறியம் என்றால் என்ன?

எறிந்து முடிந்த பிறகு, புவியீர்ப்பைத் தவிர வேறு எதுவும் தள்ளாமலும் இழுக்காமலும் போய்க்கொண்டிருக்கிற பொருள்தான் எறியம். கையை விட்ட கிரிக்கெட் பந்து எறியம். அதே பந்து கைக்குள் இருக்கும்வரை எறியம் இல்லை, ஏனென்றால் கை அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. விமானம் எறியம் இல்லை. காலிமுகத்திடலில் பின்னேரம் ஏறுகிற பட்டமும் இல்லை; அதைக் காற்றும் நூலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எரிபொருள் எரிந்துகொண்டிருக்கும்வரை ரொக்கெட்டும் அப்படித்தான். காற்றின் தடை கொஞ்சம் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் சின்ன, பாரமான, மெதுவாகப் போகிற பொருளுக்கு அதை முதற்கணக்கில் விட்டுவிடலாம்.

ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டும்தான் இழுக்கிறது. முன்னுக்கோ பின்னுக்கோ இழுப்பதில்லை. ஆகவே எறியத்தின் கிடை வேகம் மாறக் காரணமே இல்லை. தொடக்கத்தில் என்னவோ, தரையைத் தொடும்வரை அதேதான். நிலைக்குத்து வேகம் மட்டும் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ செக்கனுக்கு 9.8 மீற்றர் என்ற அளவில் கூடிக்கொண்டே போகும். ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யாது. கிடையாக எவ்வளவு வேகமாகப் போனாலும் விழுகிற நேரம் மாறாது. எறிய இயக்கப் பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. சூத்திரங்கள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

இதைக் காதால் கேட்கலாம். மேசை விளிம்பில் ஓர் அடிமட்டத்தைச் சாய்வாக வையுங்கள், ஒரு முனை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெளியே நீட்டிய முனையின் மேல் ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றி. மேசையிலேயே, அடிமட்டத்துக்கு முன்னால், விளிம்பை ஒட்டினாற்போல இன்னொரு பத்து ரூபாய்க் குற்றி. மேசை மேல் அடிமட்டத்தின் நடுவை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, அது சுழலும்படி மறுகையால் பக்கவாட்டில் ஒரு தட்டு. மேசையில் இருந்த குற்றி தூரப் பறக்கும். அடிமட்டத்தில் இருந்த குற்றி அடியில் ஆதாரம் இல்லாமல் கிட்டத்தட்ட நேரே கீழே விழும். தரையில் கேட்பது ஒரே ஒரு “டக்”. இன்னும் பலமாகத் தட்டுங்கள், பறக்கிற குற்றி இன்னும் தூரம் போகும், ஆனால் சத்தம் அப்போதும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாக விளங்கும், ஏனென்றால் கண் தூரப் பறக்கிற குற்றியின் பின்னால் ஓடிவிடும்.

இதே விஷயம் கொழும்புக் கோட்டையிலிருந்து கடற்கரை ஓரமாக வருகிற ரயிலிலும் நடக்கிறது. ரயில் மணிக்கு 36 கிலோமீற்றரில் சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 10 மீற்றர். பெட்டிக்குள் நின்றுகொண்டு 1.25 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கைவிட்டால், அது தரையைத் தொட அரை செக்கன் எடுக்கும். அதற்குள் ரயில் ஐந்து மீற்றர் போய்விடும். ஆனால் பந்து உங்கள் காலடியில்தான் விழும், ஐந்து மீற்றர் பின்னால் இருப்பவரின் மடியில் அல்ல. பந்துக்கும் அந்தக் கிடை வேகம் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் பறிக்கவில்லை. உங்களுக்கு அது நேரே விழுந்தது. பம்பலப்பிட்டியில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று யன்னல் வழியாகப் பார்த்தவருக்கு அதே பந்து ஐந்து மீற்றர் நீளமான வளைவில் போனது. இரண்டு பேரும் சொல்வது சரி.

சரி, அந்த வளைவு எப்படியிருக்கும்? செக்கனுக்கு 1.45 மீற்றர் கிடை வேகத்தில் ஒரு குண்டு 75 சென்ரிமீற்றர் உயரமான மேசையை விட்டுப் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். முதல் 0.1 செக்கனில் அது வெளியே 14.5 சென்ரிமீற்றரும் கீழே 4.9 சென்ரிமீற்றரும் போயிருக்கும். 0.2 இல் வெளியே 29, கீழே 19.6. 0.3 இல் வெளியே 43.5, கீழே 44. வெளியே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கூடுகிறது. கீழே கூடுகிற அளவு 1, 3, 5 என்ற விகிதத்தில் வளர்கிறது. 0.39 ஆவது செக்கனில் தரை வந்துவிடும். இந்தப் புள்ளிகளைக் கட்டக் கொப்பியில் குறித்து இணைத்துப் பாருங்கள், பரவளைவு கிடைக்கும். பரவளைவு என்ற சொல்லைப் பாடமாக்குவதைவிட இந்த நான்கு புள்ளிகளைக் கையால் ஒருமுறை குறிப்பது பிரயோசனமானது.

கலிலியோவின் தாள்

இந்த வளைவை அளந்து பார்த்தவர்களில் முன்னோடி கலிலியோ. அவர் 1638 இல் அச்சிட்ட நூலில் எறியத்தின் பாதை பரவளைவு என்று நிறுவியிருக்கிறார். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, அதற்கு முப்பது வருடங்களுக்கு முன், 1608 அளவில், அவர் கைப்பட எழுதிவைத்த ஒரு தாள். புளோரன்ஸ் நகரின் தேசிய நூலகத்தில் இருக்கும் அந்தத் தாளை 1970களில் ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்றாசிரியர் எடுத்து ஆராய்ந்தார். அதில் பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. ஒரு படம், சில எண்கள், அவ்வளவுதான்.

படத்தில் ஒரு மேசை. அதன் உயரம் 828 “புந்தி”. ஒரு புந்தி ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வெவ்வேறு உயரங்களிலிருந்து சாய்தளத்தில் உருட்டிவிடப்பட்ட குண்டு மேசையை விட்டுக் கிடையாகப் பாய்ந்து தரையில் விழுந்த தூரங்கள் வரிசையாக இருக்கின்றன. 300 புந்தி உயரத்திலிருந்து விட்டபோது 800 புந்தி தூரத்தில் விழுந்தது. 600 இலிருந்து விட்டபோது 1172. 800 இலிருந்து 1328. 1000 இலிருந்து 1500.

உயரம் இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகவில்லை. 800 ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 1131. கலிலியோவும் அதைத்தான் செய்தார். 1172 க்குப் பக்கத்தில் “1131 ஆக இருந்திருக்க வேண்டும், வித்தியாசம் 41” என்ற கருத்தில் எழுதிவைத்தார். மற்ற எண்களுக்கும் அப்படியே. 1328 இருக்க வேண்டிய இடம் 1306, வித்தியாசம் 22. 1500 இருக்க வேண்டிய இடம் 1460, வித்தியாசம் 40. செய்முறைக் கொப்பியில் விடையைப் பார்த்துவிட்டு அளவீட்டைத் திருத்தி எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்தத் தாளை நினைத்துக்கொள்ளலாம். அவர் எதையும் அழிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் அந்தத் தாளில் ஒளிந்திருக்கிறது. அதைக் கலிலியோ காணவில்லை, காண அவரிடம் வழியும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நாங்களே செய்து பார்ப்போம்.

வீட்டில் செய்யும் முறை

சாய்தளத்துக்கு, சுவரில் வயர் ஓட்டப் பொருத்துகிற பிளாஸ்டிக் கேசிங் நல்லது. ஒரு மீற்றர் நீளம் போதும். உள்ளே குண்டு தாராளமாக உருளக்கூடிய அகலம் இருக்க வேண்டும். ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி, மற்ற முனையை மெதுவாக வளைத்து, கடைசிப் பத்துச் சென்ரிமீற்றராவது மேசையில் படுத்திருக்கும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். வெளியேறும் முனை மேசை விளிம்போடு சரியாக நிற்கட்டும். குண்டுக்குப் போளை போதும். பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர்கள் பழைய பெயாரிங்கிலிருந்து கழற்றிய இரும்புக் குண்டு ஒன்று வாங்கிவந்தால் இன்னும் நல்லது, வடிவான உருண்டை, பாரமும் அதிகம்.

தரையில் வெள்ளைக் கடதாசியை ஒட்டி, அதன் மேல் காபன் தாளைக் கறுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி சும்மா வையுங்கள். குண்டு விழுந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி பதியும். தூரத்தை எங்கிருந்து அளப்பது? மேசைக் காலிலிருந்து அல்ல, குண்டு வெளியேறும் முனைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து. அதைக் கண்டுபிடிக்க மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டு போல, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுத் தரையில் அடையாளம் வையுங்கள். மாடியில் இருப்பவர்கள் காபன் தாளுக்குக் கீழே ஒரு பழைய கொப்பியை வைப்பது நல்லது, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். கொப்பியின் தடிப்பை மேசை உயரத்திலிருந்து கழிக்க மறக்க வேண்டாம்.

குண்டை விடும்போது விரலால் தள்ளக் கூடாது. ஓர் அடிமட்டத்தைக் குறுக்கே பிடித்துக் குண்டை அதில் சாயவைத்து, அடிமட்டத்தை முன்பக்கமாகச் சட்டென்று எடுத்துவிடுங்கள். ஒரே உயரத்திலிருந்து பல தடவை விட வேண்டும். புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாது, ஒரு சின்னக் கூட்டமாக விழும். அந்தக் கூட்டத்தின் நடுவை அளவாக எடுக்கலாம், கூட்டத்தின் பரப்பே உங்கள் வழுவின் அளவு. ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மில்லிமீற்றர் வரை சரியாக அளந்தேன் என்று சொல்வதில் பொருள் இல்லை. சாய்தள உயரத்தை, குண்டு தொடங்கும் இடத்தில் அதன் நடுவிலிருந்து, வெளியேறும் இடத்தில் அதன் நடுவரை அளக்க வேண்டும். 15 சென்ரிமீற்றரில் 2 மில்லிமீற்றர் பிசகினால் விழும் தூரத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் பிசகும். வெளியேறும் முனை 2 பாகை மேல்நோக்கிச் சரிந்திருந்தால் அது மட்டும் 7 மில்லிமீற்றரைக் கூட்டிவிடும். நீர்மட்டம் இல்லாவிட்டால், குண்டை அந்த முனையில் அசையாமல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் உருளத் தொடங்குகிறதோ அந்தப் பக்கம் சரிவு.

பத்துச் சென்ரிமீற்றர் எங்கே?

இனிக் கணக்கு. சாய்தள உயரம் 15 சென்ரிமீற்றர், மேசை உயரம் 75. பாடத்தில் படித்தபடி, மேலே இருந்த அழுத்த சக்தி முழுவதும் கீழே வரும்போது இயக்க சக்தியாகிறது. அதிலிருந்து வெளியேறும் வேகத்தைக் கண்டு, விழும் நேரத்தால் பெருக்கிச் சுருக்கினால் ஓர் அழகான விடை வரும்: இரண்டு உயரங்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கு. எங்கள் எண்களுக்கு அது 67 சென்ரிமீற்றர்.

குண்டு 67 இல் விழாது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் 57 அளவில்தான் விழும், பெரும்பாலும் அதற்கும் ஓரிரு சென்ரிமீற்றர் முன்னால். பத்துச் சென்ரிமீற்றர் காணாமல் போயிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் “உராய்வு, காற்றுத்தடை காரணமாக வழு ஏற்பட்டது” என்று எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறார்கள். அந்த வசனத்தை எழுதாமல் இருந்தால் பௌதிகவியல் தொடங்கும் என்பது என் கட்சி. காற்றுத்தடையைக் கணக்குப் பார்த்தால், இந்த வேகத்தில் கண்ணாடிப் போளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் குறையும், இரும்புக் குண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு. பத்துச் சென்ரிமீற்றருக்கு அது பதில் இல்லை.

பதில், குண்டு வழுக்கி வரவில்லை, உருண்டு வந்தது என்பது. உருளும் குண்டு முன்னுக்கும் போகிறது, தன்னைத் தானே சுற்றவும் செய்கிறது. சுற்றுவதற்கும் சக்தி வேண்டும். கிடைத்த சம்பளத்தில் வீட்டு வாடகை முதலில் போய்விடுவதுபோல, சக்தியில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். திண்மக் கோளம் ஒன்று வழுக்காமல் உருண்டால் அந்தப் பங்கு சரியாக ஏழில் இரண்டு. குண்டின் அளவோ பாரமோ இதை மாற்றாது. சின்னப் போளைக்கும் பெரிய இரும்புக் குண்டுக்கும் ஒரே பங்குதான். மீதி ஏழில் ஐந்து மட்டுமே முன்னோக்கிய இயக்கத்துக்குக் கிடைக்கும். அதை வைத்து மறுபடி கணக்கிட்டால் வேகம் செக்கனுக்கு 1.45 மீற்றர், தூரம் 56.7 சென்ரிமீற்றர். குறைந்த பத்தும் கணக்கில் வந்துவிட்டது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசையிருந்தால், கேசிங்குக்குப் பதிலாக 8 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு இரண்டு கம்பிகளைத் தண்டவாளம்போல வைத்து, 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள போளையை அவற்றின் மேல் உருட்டுங்கள். இப்போது போளை தன் அடியில் உருளவில்லை, இரு பக்கமும் சற்று மேலே தாங்கப்பட்டு உருள்கிறது. அதே தூரம் போக அது இன்னும் அதிகம் சுற்ற வேண்டும். சுழற்சியின் பங்கு கூடும். கணக்கு 54 என்கிறது. ஒரே உயரம், ஒரே போளை, ஓடுபாதை மட்டும் வேறு, விழும் இடம் இரண்டரைச் சென்ரிமீற்றர் கிட்டே. கையால் செய்து பார்க்கும்போது இது தரும் சந்தோஷம் தனி.

இப்போது கலிலியோவின் தாளுக்குத் திரும்பலாம். அவருடைய 300 புந்தி உயரத்துக்கும் 828 புந்தி மேசைக்கும், வழுக்குகிற பொருள் என்றால் 997 புந்தியில் விழ வேண்டும். தட்டையான தளத்தில் உருளும் திண்மக் குண்டு என்றால் 842. அவர் அளந்தது 800. குண்டு ஒரு தவாளிப்பின் இரு விளிம்புகளில் உருண்டிருந்தால் 800 அளவு வருவது இயல்பு. சுழற்சிச் சக்தி என்ற கருத்தே அந்தக் காலத்தில் இல்லை. அவர் முதல் அளவான 800 ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கு விகிதமாகக் கணித்ததால் தப்பினார். எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் விகிதம் மாறாதல்லவா? அவர் தேடிய வர்க்கமூல விதி அப்படியே நின்றது.

நீங்களும் 5, 10, 15, 20 சென்ரிமீற்றர் உயரங்களிலிருந்து விட்டுப் பாருங்கள். கணக்குப்படி 32.7, 46.3, 56.7, 65.5 சென்ரிமீற்றரில் விழ வேண்டும். உயரம் நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. தூரத்தின் வர்க்கத்தை உயரத்துக்கு எதிரே வரைபாகக் கீறினால் நேர்கோடு வரும். அதன் சாய்வு விகிதம் மீற்றரில் 3.0 என்றால் குண்டு வழுக்கியது, 2.14 என்றால் உருண்டது. சாய்தளத்தை மிகவும் செங்குத்தாக்கிவிட்டால் குண்டு பாதி உருண்டு பாதி வழுக்கும், அப்போது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வரும். ஆகவே சரிவு மெதுவாகவே இருக்கட்டும்.

ஈர்ப்பு எங்கே போனது?

மேலே உள்ள தூரக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இரண்டு உயரங்களும் ஓர் எண்ணும் மட்டும்தான் அதில் இருந்தன. புவியீர்ப்பு ஆர்முடுகல், அதாவது அந்த 9.8, எங்குமே இல்லை. ஈர்ப்பால் விழுகிற குண்டின் கணக்கில் ஈர்ப்பே இல்லை!

காரணம் எளிது. ஈர்ப்பு பலமாக இருந்தால் சாய்தளத்தில் குண்டு அதிக வேகம் பெறும், ஆனால் தரைக்கும் சீக்கிரம் விழுந்துவிடும். ஒன்று கூட்டியதை மற்றது சரியாகக் குறைத்துவிடுகிறது. இந்த மேசையையும் கேசிங்கையும் சந்திரனுக்குக் கொண்டுபோனால், அங்கே குண்டு செக்கனுக்கு 0.59 மீற்றர் வேகத்தில் சோம்பேறித்தனமாக வெளியேறும், தரைக்கு வர ஏறத்தாழ ஒரு செக்கன் எடுக்கும், கடைசியில் அதே 57 சென்ரிமீற்றரில் விழும்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. இந்தச் சாய்தளத்தையும் அடிமட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது கண்டுபிடித்ததாகக் காட்டினால், அவர் எங்கோ 9.8 ஐ உள்ளே போட்டு, அதையே வெளியே எடுத்திருக்கிறார். அதைக் காண நேரத்தைத் தனியாக அளக்க வேண்டும். 0.39 செக்கனை ஸ்டொப்வோச்சால் அளக்கப் போக வேண்டாம், விரல் அழுத்துகிற தாமதமே 0.2 செக்கன் வரும். கையில் இருக்கிற போனின் ஸ்லோமோஷன் போதும். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் போன் என்றால் அந்த 0.39 செக்கனுக்குள் தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள் கிடைக்கும். போனைக் கையில் பிடிக்காமல், பாதைக்கு நேர் பக்கவாட்டில், இயன்றளவு தள்ளி நிறுத்துங்கள். கிட்ட வைத்தால் ஓரங்களில் தூரம் நீண்டோ குறுகியோ தெரியும். குண்டு போகும் தளத்திலேயே ஓர் அடிமட்டத்தையும் நிறுத்திவையுங்கள், படத்தில் அளவு எடுக்க அது வேண்டும். டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு, படத்துக்குப் படம் குண்டின் மேல் கிளிக் பண்ணிக்கொண்டு போனால் கிடை இடமும் நிலைக்குத்து இடமும் தனித்தனி வரைபாக வரும். ஒன்று நேர்கோடு, மற்றது வளைவு. குற்றிகளில் காதால் கேட்டது இங்கே கண்ணுக்குத் தெரியும்.

கொழும்பில் கிடைக்க வேண்டிய விடை 9.78. புத்தகத்தில் உள்ள 9.81 அல்ல. பூமி சுழல்வதாலும் நடுக்கோட்டில் சற்றுப் பருத்திருப்பதாலும் ஈர்ப்பு துருவங்களில் 9.83 ஆகவும் நடுக்கோட்டில் 9.78 ஆகவும் இருக்கிறது. நாங்கள் நடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறோம். வீட்டுச் செய்முறையில் இந்த 0.03 தெரியவே தெரியாது, ஆனால் கணக்கில் 9.78 போடுகிறவரைப் பிழை என்று சொல்ல வேண்டாம்.

மேல்நோக்கி எறிந்தால்

இதுவரை கிடையாக எறிந்தோம். சாய்வாக மேலே எறிந்தாலும் விதி அதேதான். எறியும் வேகத்தைக் கிடைக்கூறு, நிலைக்குத்துக்கூறு என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் போதும். நிலைக்குத்துக்கூறு காற்றில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது, கிடைக்கூறு அந்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை. இரண்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். எறிந்த மட்டத்திலேயே விழுகிறது என்றால் 45 பாகையில் வீச்சு அதிகம். 30 பாகையும் 60 பாகையும் ஒரே தூரம் போகும், ஒன்று தாழப் போய்ச் சீக்கிரம் விழும், மற்றது உயரப் போய் ஆறுதலாக விழும்.

டோக்கியோ பராலிம்பிக்கில், 2021 இல், இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். காற்று இல்லை, 45 பாகை என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் அதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 25.8 மீற்றர் வேகம் வேண்டும், அதாவது மணிக்கு 93 கிலோமீற்றர் அளவு. உண்மையில் ஈட்டி அப்படி நல்ல எறியம் இல்லை. அதைக் காற்று கொஞ்சம் தாங்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. எறிகிறவர்கள் 45 க்குக் குறைந்த கோணத்தில்தான் எறிகிறார்கள், அதற்கு இன்னொரு காரணம் மனிதத் தோள் அந்தக் கோணத்தில்தான் அதிக வேகம் கொடுக்கும் என்பது.

கிரிக்கெட் பந்தில் காற்றின் வேலை இன்னும் தெளிவு. எல்லைக்கோட்டிலிருந்து செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் 45 பாகையில் ஒருவர் எறிந்தால் பரவளைவுக் கணக்கு 92 மீற்றர் என்கிறது. அந்த வேகத்தில் காற்றுத்தடை பந்தின் நிறையில் பாதிக்கு மேல் இருக்கும், ஆகவே பந்து அதைவிட வெகு முன்னரே விழுந்துவிடும். ஏறுகிற பக்கம் நீண்டு, இறங்குகிற பக்கம் செங்குத்தாகிவிடும். தார்த்தாலியா கீறிய படத்தை இப்போது பார்த்தால், வேகமான பீரங்கிக் குண்டுக்கு அது முழுப் பிழையும் இல்லை என்று தோன்றும். பந்து சுழன்றால் கதையே வேறு. முன்சுழற்சி உள்ள பந்தைக் காற்று கீழ்நோக்கி அமுக்கும், பரவளைவில் வரும் என்று காத்திருக்கும் துடுப்பாட்டக்காரருக்கு முன்னால் அது திடீரென்று இறங்கும். முரளிதரனுக்கு எதிரே நின்ற பலருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

காற்றை வீட்டிலேயே பார்க்க, அதே சாய்தளத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை விடலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். அது உள்ளே வெறுமையான கோளம், எல்லாப் பாரமும் ஓட்டில்தான் இருக்கிறது. ஆகவே சுழற்சிக்குப் போகும் பங்கு ஏழில் இரண்டு அல்ல, ஐந்தில் இரண்டு. காற்றே இல்லாவிட்டாலும் 15 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 52 இல்தான் விழும். அது கேசிங்குக்குள் இறங்காமல் விளிம்புகளின் மேல் உருண்டால் இன்னும் கொஞ்சம் குறையும். அதற்கும் கீழே எவ்வளவு குறைகிறதோ அதில் பெரும்பகுதி காற்றுடையது. பந்து பாரம் இல்லாததால் காபன் தாளில் புள்ளி விழாது, தரையில் கொஞ்சம் முகப்பவுடர் தூவிக்கொள்ளுங்கள்.